ஓட்டுப் போடுவது நானா, என் கூட்டமா?

(மூன்றாமாண்டு, இயந்திரவியல் துறை)



2024 நவம்பர் 6, புதன்கிழமை. காலையில் ஹாஸ்டல் மெஸ்ஸில் இட்லிக்கு வரிசையில் நிற்கிறோம். வரிசையில் பாதிப் பேர் கையில் செல்போன். அமெரிக்காவில் ஓட்டு எண்ணிக்கை நடக்கிறது. மதியம் ஒர்க்‌ஷாப் முடிந்து கை கழுவும் நேரத்தில், யார் ஜெயிக்கப் போகிறார் என்பது ஏறக்குறையத் தெரிந்துவிட்டது. கடைசிக் கணக்கு: டிரம்ப் 312, கமலா ஹாரிஸ் 226.

எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. ஏதோ நம்ம தெருவில் ஒருத்தர் தோற்றுப் போன மாதிரி ஒரு வருத்தம். என் முகத்தைப் பார்த்த அறை நண்பன் கேட்டான்:

"ஏண்டா இப்படி உட்கார்ந்திருக்க? சரி, அந்தம்மா கட்சியோட கொள்கை ஒண்ணே ஒண்ணு சொல்லு, பார்ப்போம்."

விழித்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய தாய்வழித் தாத்தாவின் பூர்வீகம் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம், அந்த ஊர்க் கோயிலில் அவருக்காகப் பூசை செய்தார்கள், அவ்வளவுதான். அதைச் சொன்னேன்.

"அதுக்கும் அமெரிக்காவுல மருந்து விலை ஏறுறதுக்கும் என்னடா சம்பந்தம்?" என்று கேட்டுவிட்டு அவன் பாட்டுக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டான்.

சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஓட்டே இல்லாத எனக்கே இப்படி ஒரு பக்கம் சேரத் தோன்றுகிறது என்றால், ஓட்டு உள்ள அமெரிக்கர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள்? கொள்கையைப் படித்துவிட்டா? தேடிப் படித்தேன். படித்ததில் எனக்குத் தோன்றியதை உங்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

சித்தப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும்

என் சித்தப்பா நம்மைப் போலவே டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவர். லேட்டரல் என்ட்ரியில் பி.இ. முடித்து, ஓஹையோ மாநிலத்துக்குப் போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. குடியுரிமை வாங்கி ஓட்டும் போடுகிறார். எந்தக் கட்சிக்கு என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்களும் ஒரு பக்கம் சேர்ந்துவிடுவீர்கள்!

அவருக்குப் பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். ஒரு பனிக்காலத்து ராத்திரி, சித்தப்பா நைட் ஷிஃப்டில் இருந்தபோது சித்திக்குத் திடீரென்று வயிற்றுவலி. அந்தப் பெரியவர்தான் வாசல் பனியைத் தானே அள்ளிப் போட்டுவிட்டு, தன் வண்டியில் சித்தியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். இதைச் சித்தப்பாவே எங்களிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

2020 தேர்தலில் இருவர் வீட்டுப் புல்வெளியிலும் போர்டு நட்டார்கள். அங்கே அது சகஜம். இவர் வீட்டில் ஒரு கட்சி, அவர் வீட்டில் இன்னொரு கட்சி. அன்றிலிருந்து பேச்சு குறைந்து, பிறகு நின்றே போனது. ஏன் என்று போனில் கேட்டேன்.

"அந்தக் கட்சிக்காரன்கிட்ட என்னடா பேச்சு? நான் ஒவ்வொரு பிரச்னையையும் அலசிப் பார்த்து ஓட்டுப் போடுறவன். அவங்க கண்ணை மூடிக்கிட்டுப் போடுறவங்க" என்றார்.

அந்தப் பெரியவரைக் கேட்டால் அவரும் இதையேதான் சொல்வார் என்று நினைக்கிறேன்.

1940-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள்

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். சித்தப்பா இருக்கும் அதே ஓஹையோ மாநிலத்தில்தான் இந்த விஷயத்தை முதன்முதலாக ஒழுங்காக ஆராய்ந்தார்கள். 1940-ல் ரூஸ்வெல்ட்டுக்கும் வில்கீக்கும் போட்டி. பால் லாசர்ஸ்ஃபெல்ட் என்ற அறிஞரும் அவர் குழுவினரும் ஈரி கவுண்டியில் 600 பேரைத் தேர்ந்தெடுத்து, மே மாதத்திலிருந்து நவம்பர் வரை திரும்பத் திரும்பச் சந்தித்துக் கேள்வி கேட்டார்கள். பத்திரிகையும் ரேடியோவும் மக்கள் மனதை எப்படி மாற்றுகின்றன என்று பார்ப்பதுதான் நோக்கம்.

பார்த்தால், மாறியவர்களே மிகக் குறைவு! ஏறக்குறையப் பாதிப் பேர் மே மாதமே முடிவு செய்துவிட்டிருந்தார்கள். பிரசாரம் அவர்களை மாற்றவில்லை. ஏற்கெனவே இருந்த பற்றை இறுக்கியது. தயங்கிக்கொண்டிருந்தவர்களை அசைத்ததும் பத்திரிகையைவிட, வீட்டிலும் வேலை செய்யும் இடத்திலும் கூட இருந்தவர்களின் பேச்சுதான். 1944-ல் இதைப் புத்தகமாகப் போட்டார்கள்.

1960-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்து அறிஞர்கள் நால்வர் இன்னொரு படி மேலே போனார்கள். அமெரிக்கருக்குக் கட்சி என்பது கொள்கைப் பட்டியல் அல்ல, அது ஒரு மனப்பிணைப்பு என்றார்கள். பெரும்பாலும் அம்மா அப்பாவிடமிருந்து வருவது. வீட்டு மதம் வருகிற மாதிரி, சின்ன வயதில் ஒட்டிக்கொண்டு கடைசி வரை நிற்பது. 'நான் எதை ஆதரிக்கிறேன்' என்பதற்கு முன்னாலேயே 'நான் யார்' என்பது முடிவாகிவிடுகிறது.

சரி, பிறந்த வீட்டுப் பழக்கம், இருந்துவிட்டுப் போகட்டுமே என்று கேட்கலாம். அதன் பலத்தைப் பார்த்தால் அப்படி விட முடியாது.

கண்ணையே மாற்றும் கண்ணாடி

2003-ல் ஜெஃப்ரி கோஹென் என்ற உளவியல் அறிஞர் ஒரு சோதனையை வெளியிட்டார். சோதிக்கப்பட்டவர்கள் நம்மைப் போன்ற மாணவர்கள். ஏழைகளுக்கான அரசு உதவித் திட்டம் ஒன்றைக் காட்டிக் கருத்துக் கேட்டார். ஒரு திட்டத்தில் உதவி தாராளம்; இன்னொன்றில் ரொம்பக் கறார். எந்தக் கட்சி எதை ஆதரிக்கிறது என்பதை மட்டும் மாற்றி மாற்றிச் சொன்னார். தாராளத்தை விரும்ப வேண்டிய ஜனநாயகக் கட்சி மாணவர்கள், தங்கள் கட்சி ஆதரிக்கிறது என்றதும் கறார் திட்டத்துக்குத் தலையாட்டினார்கள். கறாரை விரும்ப வேண்டிய குடியரசுக் கட்சி மாணவர்கள், தங்கள் கட்சி ஆதரிக்கிறது என்றதும் தாராளத் திட்டத்துக்குத் தலையாட்டினார்கள்! இதில் பெரிய கூத்து, 'கட்சி சொன்னதற்காகவா ஒப்புக்கொண்டீர்கள்?' என்றால் இரண்டு பக்கமும் இல்லை என்றே சொன்னது. திட்டத்தைப் பார்த்துத்தான் முடிவெடுத்தார்களாம்!

அடுத்து 2017. டிரம்ப் முதல் தடவை பதவியேற்ற விழாவுக்கு வந்த கூட்டம் பெரிதா, 2009-ல் ஒபாமாவுக்கு வந்த கூட்டம் பெரிதா என்று சண்டை. ஆராய்ச்சியாளர்கள் இரண்டு விழாப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதில் ஆட்கள் அதிகம் என்று மட்டும் கேட்டார்கள். ஒரு படத்தில் திடல் நிரம்பியிருக்கிறது. மற்றதில் காலி இடம் பளிச்சென்று தெரிகிறது. சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். ஆனால் டிரம்ப்புக்கு ஓட்டுப் போட்டவர்களில் 15 சதவீதம் பேர் காலி இடம் உள்ள படத்தில்தான் கூட்டம் அதிகம் என்றார்கள்! அவர்களுக்குக் கண் தெரியாமல் இல்லை. தன் பக்கத்தை விட்டுக் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஒரு கட்சியை மட்டும் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். நாட்டின் பொருளாதாரம் எப்படி இருக்கிறது என்று அங்கே அடிக்கடி கணக்கெடுப்பார்கள். 2016 நவம்பரில் டிரம்ப் ஜெயித்ததும் குடியரசுக் கட்சியினருக்குத் திடீரென்று நம்பிக்கை வந்தது. இத்தனைக்கும் அவர் இன்னும் பதவியே ஏற்கவில்லை! 2021-ல் பைடன் வந்ததும் அப்படியே தலைகீழ்: இவர்கள் முகம் வாடியது, ஜனநாயகக் கட்சியினர் முகம் மலர்ந்தது. கடையில் பால் விலை எல்லோருக்கும் ஒன்றுதான். பார்க்கிற கண்ணாடிதான் வேறு.

முன்பு ஏன் இத்தனை பகை இல்லை?

கட்சிப் பற்று 1940-லேயே இருந்தது என்றால், பகை இப்போது ஏன் இத்தனை முற்றியது? இதற்கு எனக்குப் புரிந்த பதில் இதுதான்.

அந்தக் காலத்தில் இரண்டு கட்சிக்குள்ளும் கலப்பு இருந்தது. தெற்கு மாநிலங்களின் பழமைவாத வெள்ளையர்கள் ஜனநாயகக் கட்சியில் இருந்தார்கள். வடக்கில் முற்போக்கான குடியரசுக் கட்சிக்காரர்கள் இருந்தார்கள். 1964-ல் கறுப்பினத்தவருக்குச் சம உரிமை தரும் சிவில் உரிமைச் சட்டம் செனட்டில் 73-க்கு 27 என்று நிறைவேறியது. ஆதரித்தவர்களில் ஜனநாயகக் கட்சியினர் 46, குடியரசுக் கட்சியினர் 27. எதிர்த்தவர்களில் ஜனநாயகக் கட்சியினர் 21, குடியரசுக் கட்சியினர் 6. இரண்டு பக்கமும் இரண்டு கட்சியும்!

அதன் பிறகு தெற்கத்தி வெள்ளையர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியரசுக் கட்சிக்குப் போனார்கள். கறுப்பினத்தவர் பெரும்பாலும் ஜனநாயகக் கட்சியில் நின்றார்கள். அடிக்கடி சர்ச்சுக்குப் போகும் வெள்ளையர்கள் ஒரு பக்கம், போகாதவர்கள் ஒரு பக்கம். கிராமம் ஒரு பக்கம், பெருநகரம் ஒரு பக்கம். இனம், மதம், ஊர் எல்லாம் கட்சியோடு ஒரே கோட்டில் வந்து நின்றுவிட்டன. ஒரே ஜாயின்ட்டில் நாலு தடவை வெல்டிங் வைத்த மாதிரி. இனி அதைப் பிரிப்பது லேசில்லை. இப்போது கட்சி தோற்றால் கட்சி மட்டும் தோற்பதில்லை. என் இனம், என் சாமி, என் ஊர் எல்லாம் தோற்ற மாதிரி வலிக்கிறது.

கணக்கைப் பாருங்கள். 'உங்கள் பிள்ளை எதிர்க்கட்சிக் குடும்பத்தில் கல்யாணம் செய்தால் வருத்தப்படுவீர்களா?' என்று 1960-ல் கேட்டபோது, குடியரசுக் கட்சியினரில் 5 சதவீதமும் ஜனநாயகக் கட்சியினரில் 4 சதவீதமும்தான் ஆம் என்றார்கள். 2010-ல் அது 49 சதவீதமும் 33 சதவீதமும் ஆகிவிட்டது. எதிர்க்கட்சியினர் மற்ற அமெரிக்கர்களைவிட ஒழுக்கம் குறைந்தவர்கள் என்று 2016-ல் சொன்ன குடியரசுக் கட்சியினர் 47 சதவீதம், ஜனநாயகக் கட்சியினர் 35 சதவீதம். 2022-ல் 72 சதவீதமும் 63 சதவீதமும்! கொள்கை தப்பு என்று சொல்வது வேறு, ஆளே தப்பு என்று சொல்வது வேறு அல்லவா?

கடைசியில் என்ன ஆயிற்று? 2020 தேர்தல் மோசடி என்று தொடுத்த 60-க்கும் மேற்பட்ட வழக்குகள் கோர்ட்டில் நிற்கவில்லை. ஆனாலும் தோற்ற கட்சியினரில் பெரும்பாலோர் தோல்வியை நம்பவில்லை. அவர்களில் பலருக்குத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் அதே கட்சி. 'எனக்குத் தெரிந்து யாருமே அவருக்கு ஓட்டுப் போடலையே, அப்புறம் அவர் எப்படி ஜெயிப்பார்?' என்று நினைத்தால், அதுவே அவர்களுக்கு நியாயமாகத் தெரியுமே! 2021 ஜனவரி 6-ல் நாடாளுமன்றக் கட்டடத்தின் ஜன்னல்கள் உடைந்தன.

கூட்டத்தின் நல்ல முகம்

அப்படியானால் கூட்டமே கூடாதா? அவசரப்படாதீர்கள். இதே கூட்டம் நல்லதும் செய்கிறது.

2006 ஆகஸ்டில் மிச்சிகன் மாநில முதற்கட்டத் தேர்தலுக்கு முன்னால் 1,80,000 வீடுகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. சில வீடுகளுக்கு ஒரு கடிதம் போனது. போன தேர்தல்களில் நீங்கள் ஓட்டுப் போட்டீர்களா, பக்கத்து வீட்டுக்காரர்கள் போட்டார்களா என்று அதில் பட்டியல். (யாருக்குப் போட்டார்கள் என்பது ரகசியம், போட்டார்களா என்பது அங்கே அரசுப் பதிவேட்டில் இருக்கும்.) தேர்தல் முடிந்ததும் புதுப் பட்டியல் வரும் என்றும் எழுதியிருந்தது. கடிதம் போகாத வீடுகளில் ஓட்டுப் போட்டவர்கள் 29.7 சதவீதம், பட்டியல் போன வீடுகளில் 37.8 சதவீதம். நாலு பேர் பார்ப்பார்களே என்ற ஒரே எண்ணம்!

2010 நவம்பர் 2-ல் ஃபேஸ்புக்கில் 6.1 கோடி பேரை வைத்து இதே போல் நடந்தது. பெரும்பாலோருக்கு 'இன்று தேர்தல் நாள்' என்ற செய்தியோடு, ஓட்டுப் போட்டுவிட்ட நண்பர்களின் முகங்களையும் காட்டினார்கள். சிலருக்கு முகம் இல்லாமல் வெறும் செய்தி. வெறும் செய்தியால் ஓட்டுப் போடுவது கூடவே இல்லை. முகங்கள் பார்த்தவர்களாலும் அவர்களின் நண்பர்களாலும் சுமார் 3,40,000 ஓட்டுகள் கூடுதலாக விழுந்தன என்று கணக்கிட்டார்கள். அதிலும் பெரும்பங்கு, செய்தியை நேரில் பார்த்தவர்களைவிட அவர்களுடைய நெருங்கிய நண்பர்கள் மூலமாக வந்தது.

ஆக, மனிதனை வாக்குச்சாவடிக்கு நடத்திப் போவதும் கூட இருப்பவர்கள்தான், அவன் கண்ணை மறைப்பதும் கூட இருப்பவர்கள்தான்.

எல்லாப் பழியையும் செல்போன் மேல் போட்டுவிடலாமா? அதையும் சோதித்துவிட்டார்கள். 2020 தேர்தலின்போது ஃபேஸ்புக்கில் சுமார் 23,000 பேருக்குத் தன் பக்கத்தாரின் பதிவுகளை மூன்றில் ஒரு பங்கு குறைத்துக் காட்டினார்கள். மனப்போக்கில் அளந்து சொல்லும்படியான மாற்றம் எதுவும் வரவில்லை. பகை போனில் முளைத்ததல்ல. போன் வருவதற்கு முன்பே வீட்டிலும் தெருவிலும் சர்ச்சிலும் வளர்ந்துவிட்டது.

இரண்டு மறுப்புகள்

'கட்சியை வைத்து முடிவெடுப்பது முட்டாள்தனம் இல்லையே, ஷிஃப்ட் முடித்து வருகிறவன் ஒவ்வொரு மசோதாவையும் படித்துக்கொண்டிருக்க முடியுமா?' என்று கேட்கலாம். நியாயம்தான். கட்சி என்பது ஒரு குறுக்குவழி. தெரிந்த கம்பெனி ஸ்பேனர் என்று நம்பி வாங்குவது போல. வாங்குவதில் தப்பில்லை, வாய் தேய்ந்து நட்டில் வழுக்கும்போதும் இதுதான் நல்ல ஸ்பேனர் என்று சாதிப்பதுதான் தப்பு.

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் கடினமானது. டயானா மட்ஸ் என்ற பேராசிரியர் 2006-ல் எழுதிய புத்தகத்தில் ஒரு சங்கடமான உண்மையைச் சொல்கிறார். எதிர்க்கட்சி நண்பர்கள் உள்ளவர்கள் மறுபக்க நியாயத்தைப் புரிந்துகொள்கிறார்கள், பொறுத்துப் போகிறார்கள். ஆனால் அவர்கள் அரசியலில் இறங்குவதும் குறைகிறது. யார் மனதையும் நோகடிக்க வேண்டாமே என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஒரே நிறக் கூட்டத்தில் இருப்பவன்தான் கொடி பிடிக்கிறான், வீடு வீடாகப் போகிறான்.

இரண்டில் எது வேண்டும்? இதை வைத்து நான் ரொம்ப நாள் குழம்பினேன். என் தாழ்மையான கருத்து இது: கலப்பு நட்புதான் வேண்டும். உற்சாகம் குறைந்தால் மிச்சிகன் கடிதம் மாதிரி ஏதாவது செய்து கூட்டிக்கொள்ளலாம். ஆனால் எதிராளியும் மனிதன்தான் என்ற உணர்வு போய்விட்டால், அதை எந்தக் கடிதம் போட்டும் திரும்பக் கொண்டுவர முடியாது.

முடிவாக...

போன மாதம் சித்தப்பா பேசும்போது தைரியமாகக் கேட்டுவிட்டேன்: "சித்தப்பா, அன்னைக்கு ராத்திரி சித்தியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது எந்தக் கட்சி?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு, "அது வேற, இது வேறடா" என்றார். பேச்சை மாற்றி என் செமஸ்டர் மார்க்கைக் கேட்டார்.

அந்தப் பெரியவரோடு அவர் பேசினாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? ஒரு கொள்கைகூடத் தெரியாமல், ஒரு ஊர்ப் பெயருக்காக மெஸ்ஸில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தவன் நான். அவருக்காவது அங்கே ஓட்டு இருக்கிறது!

ஒன்று மட்டும் செய்கிறேன். எனக்கு ஒரு விஷயம் ரொம்பச் சரி என்று தோன்றினால், 'இதையே அந்தப் பக்கத்துக்காரன் சொல்லியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேனா?' என்று ஒரு தடவை கேட்டுக்கொள்கிறேன். பல தடவை, 'மாட்டேன்' என்றுதான் பதில் வருகிறது. வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

நீங்களும் கேட்டுப் பாருங்கள் நண்பர்களே. சாம்பார் ஊற்றிக்கொண்டே என்னை மடக்கிய நண்பனுக்கு இந்த மலரின் மூலம் நன்றி. அப்படி ஒருத்தன் உங்கள் அறையிலும் இருந்தால், அவனை விட்டுவிடாதீர்கள்!